பெரிய மீன் தொட்டியும் நிலநடுக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலம் அடிக்கடி ஆடும் பகுதியில் ஐந்தடி, ஆறடித் தொட்டி வைத்திருப்பவர்களும் வைக்க ஆசைப்படுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கணக்குகளுக்கெல்லாம் ஒரே தொட்டியை எடுத்துக்கொண்டிருக்கிறேன்: 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், இரண்டரை அடி ஸ்டாண்ட். உங்களுடையது வேறு அளவு என்றால் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு மாறாது.

இப்படிப்பட்ட இடத்தில் பெரிய தொட்டி வைக்கலாமா?

வைக்கலாம். ஜப்பானில், கலிஃபோர்னியாவில், நியூசிலாந்தில் வைத்திருக்கிறார்கள். ஆனால் எல்லோரும் பயப்படுவது கண்ணாடி வெடித்து வெள்ளம் பாய்வதைப் பற்றித்தான். அது நடக்காது என்று சொல்லவில்லை. அதற்கு முன்பே காலை வாருபவை மூன்று உண்டு: பக்கவாட்டு ஆட்டத்துக்கு ஏற்றபடி செய்யாத ஸ்டாண்ட், தொட்டிக்குக் கீழே கிடக்கும் பிளக் பாக்ஸ், கரண்ட் போன பிறகு வரும் இரவு. இந்த மூன்றையும் சரிசெய்தவருக்குத்தான் கண்ணாடியைப் பற்றிக் கவலைப்பட நேரமிருக்கும்.

என் தொட்டி எத்தனை ரிக்டர் வரை தாங்கும்?

இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. கேள்வியே கொஞ்சம் தவறு. செய்தியில் சொல்லும் 6, 7 என்ற எண் பூமிக்குள் வெளிப்பட்ட ஆற்றலின் அளவு. உங்கள் தொட்டிக்கு அது தெரியாது. உங்கள் அறையின் தரை எவ்வளவு வேகமாக இழுபட்டது, எத்தனை நொடி ஆடியது என்பதுதான் அதற்குத் தெரியும். பக்கத்தில் வந்த 6, தொலைவில் வந்த 7.5-ஐ விட மோசமாக இருக்கலாம். பாறை மேல் உள்ள வீட்டையும் சேற்று மண் மேல் உள்ள வீட்டையும் ஒரே நிலநடுக்கம் ஒரே மாதிரி ஆட்டுவதில்லை.

1985-இல் மெக்சிகோ நகரத்தைக் குலைத்த நிலநடுக்கத்தின் மையம் 350 கிலோமீட்டருக்கும் அப்பால், பசிபிக் கரையோரம் இருந்தது. நகரத்தின் ஒரு பகுதி பழைய ஏரிப் படுகை. அந்த மென்மையான களிமண் சுமார் இரண்டு வினாடிக்கு ஒருமுறை என்ற தாளத்தில் அலையைப் பெருக்கிவிட்டது. இந்த இரண்டு வினாடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நீர் ததும்புவதைப் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

சரி, தொட்டி கவிழுமா?

ஒரு சின்னக் கணக்கு. தொட்டி முழுக்க நீர் என்றால் 680 லிட்டர், அதாவது 680 கிலோ. 12 மி.மீ. கண்ணாடி என்றால் கண்ணாடி மட்டும் 120 கிலோ. மணல், கல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் ஒரு டன்னை நெருங்கும்.

இந்த எடையின் நடுப்புள்ளி தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. அடிப்பாகத்தின் பாதி அகலம் 1 அடி. 1-ஐ 3.5-ஆல் வகுத்தால் 0.29 வரும். புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.29 பங்கு முடுக்கத்தோடு தரை பக்கவாட்டில் இழுபட்டால், எதிலும் கட்டாமல் நிற்கும் தொட்டி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ளத் தொடங்கும். தூக்கிக்கொண்டது உடனே விழுந்துவிடாது. ஒரு நொடியின் சிறு பகுதியில் ஆட்டம் திசை மாறிவிடும், பல தடவை திரும்ப உட்கார்ந்துவிடும். ஆனால் வலுவான நிலநடுக்கங்களில் 0.3-க்கு மேல் சாதாரணமாகவே போகும். 1994-இல் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே நார்த்ரிட்ஜில் வந்தபோது ஓரிடத்தில் புவியீர்ப்பையே மிஞ்சிய முடுக்கம் பதிவானது.

அதே தொட்டி ஒன்றரை அடி அகலம் என்றால் இந்த எண் 0.21-க்கு இறங்கிவிடும். 2 அடி அகலத்தையே வைத்துக்கொண்டு ஸ்டாண்டை ஒன்றரை அடியாகக் குறைத்தால் 0.4. ஆகவே ஒல்லியாக உயர்ந்த தொட்டியை இங்கே வாங்காதீர்கள். அகலமாக, தாழ்வாக வாங்குங்கள். நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதற்கும் தாழ்வான தொட்டிதான் வசதி.

ஸ்டாண்ட் எப்படி இருக்க வேண்டும்?

கடையில் கிடைக்கும் பெரும்பாலான ஸ்டாண்டுகள் நேராகக் கீழே அழுத்தும் எடைக்காகச் செய்தவை. ஒரு டன்னை ஏற்றினாலும் அசையாது. பக்கவாட்டில் தள்ளினால் கதை வேறு. நான்கு கால், மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம் என்று இருக்கும் இரும்பு ஸ்டாண்டைக் காலி நிலையில் மேல் மூலையைப் பிடித்து உலுக்கிப் பாருங்கள். சதுரம் சாய்சதுரமாக மாறப் பார்க்கும். தொட்டியோடு அப்படி ஒரு சென்டிமீட்டர் கோணினாலும் அடிக்கண்ணாடி முறுகும். கண்ணாடி வளைவதை ஓரளவு பொறுக்கும், முறுக்குவதைப் பொறுக்காது. நிலநடுக்கத்தில் தொட்டி கீறுவதற்கு நீரழுத்தத்தைவிட இந்த முறுக்கல்தான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

மருந்து எளிது. பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டிலும் குறுக்குச் சட்டம் போடச் சொல்லுங்கள், பெருக்கல் குறி மாதிரி. மர ஸ்டாண்ட் என்றால் பின்பக்கம் முழுவதையும் 18 மி.மீ. பிளைவுட்டால் அடைத்து, பசையும் ஸ்குருவும் போட்டு இறுக்குங்கள். குழாய் போகத் துளை வேண்டுமானால் வட்டமாகப் போடுங்கள், பாதிப் பலகையை வெட்டி எடுத்துவிடாதீர்கள். ஆணி மட்டும் அடித்த மூட்டு ஆட ஆடக் கழன்றுவரும். முன்பக்கம் கதவு வைப்பதால் அந்தப் பக்கம் எப்போதும் பலவீனம். இரு மூலையிலும் முக்கோணத் துண்டு வைத்து ஈடுகட்டலாம்.

சுவரோடு சேர்த்துக் கட்டலாமா?

கட்டலாம், கட்டவும் வேண்டும். எந்தச் சுவர் என்பதுதான் விஷயம். காங்கிரீட் தூணிலோ காங்கிரீட் சுவரிலோ ஆங்கர் போல்ட் போட்டு, கனமான எல் கிளாம்ப் வைத்து ஸ்டாண்டின் மேல் சட்டத்தை இறுக்கினால் பிடிக்கும். ஜிப்சம் போர்டில் போட்ட ஸ்குரு முதல் இழுப்பிலேயே போர்டோடு சேர்ந்து வந்துவிடும். உள்ளே மரச் சட்டமோ இரும்புச் சட்டமோ இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அதில்தான் போட வேண்டும். காங்கிரீட் சட்டமில்லாத வெறும் செங்கல் சுவர் என்றால் அதில் கட்டாதீர்கள். அந்தச் சுவரே விழக்கூடியது, ஒரு டன் எடையை வேறு அதில் கோத்துவிட வேண்டாம். அங்கே ஸ்டாண்டின் கால்களைத் தரையில் போல்ட் போடுவது நல்லது.

டிவிக்கு விற்கும் நைலான் பட்டையை ஒருவர் தொட்டிக்குப் போட்டிருந்ததைப் பார்த்தேன். 0.3 அளவு ஆட்டத்தில் ஒரு டன் தொட்டி சுமார் 300 கிலோ விசையோடு இழுக்கும். பட்டை, அதன் கொக்கி, கொக்கியைப் பிடித்திருக்கும் ஸ்குரு, இந்த மூன்றும் அதைத் தாங்குமா என்று பாருங்கள். மூன்றில் எது பலவீனமோ அதுதான் உங்கள் பாதுகாப்பின் அளவு.

ஸ்டாண்ட் நிற்கும். மேலே இருக்கும் தொட்டி வழுக்கினால்?

கண்ணாடியை எதோடும் இறுக்கிக் கவ்வக் கூடாது. ஸ்டாண்டின் மேல்பலகையைச் சுற்றி இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயர விளிம்புச் சட்டம் அடித்து, சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே ரப்பரோ அடர்த்தியான ஃபோமோ வைத்துவிட்டால் போதும். தட்டில் வைத்த டம்ளர் மாதிரி, நகரப் பார்க்கும், தடுக்கும், நின்றுவிடும்.

நீர் வெளியே கொட்டுவதைத் தடுக்க முடியுமா?

நிறைகுடம் ததும்பாது என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவர் மீன் தொட்டி வைத்திருக்கவில்லை.

நீருக்கு அதன் பாத்திரத்தைப் பொறுத்து ஒரு இயல்பான ஊசல் தாளம் உண்டு. நம் ஆறடித் தொட்டியில் நீளவாட்டில் ஒரு முறை போய்வர சுமார் 1.8 வினாடி (மெக்சிகோவின் அந்த இரண்டு வினாடிக்குப் பக்கத்தில்தான்), அகலவாட்டில் சுமார் 0.9 வினாடி. தரையோ கட்டடமோ அதே தாளத்தில் ஆடினால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுவது போல ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அலை உயர்ந்துகொண்டே போகும். பத்து மாடிக் கட்டடம் தோராயமாக ஒரு வினாடித் தாளத்திலும் இருபது மாடிக் கட்டடம் இரண்டு வினாடித் தாளத்திலும் ஆடும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. உயரமான கட்டடத்தின் மேல்மாடியில், தொலைவில் வந்த நிலநடுக்கத்துக்குக்கூட, பாத்திரம் ஒன்று உருளாமல் தொட்டி மட்டும் கொட்டுவது இதனால்தான். 1950-இல் அசாமில் வந்த பெரும் நிலநடுக்கத்தின் அலை நார்வேயின் கடல்நீர் வழிகளையே ததும்ப வைத்தது. நம் தொட்டி எந்த மூலைக்கு?

முழுதாகத் தடுக்க முடியாது, குறைக்கலாம். மேல் விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டு அங்குலம் நீரைக் குறைவாக வையுங்கள். மேல் விளிம்பை ஒட்டி உள்பக்கமாகக் கிடைமட்டமாக ஒட்டிய கண்ணாடிப் பட்டை உள்ள தொட்டியாக வாங்குங்கள். தொட்டிக்கு வலு கொடுக்கும் அதே பட்டை, ஏறிவரும் அலையை மடக்கி உள்ளேயே திருப்பிவிடும். அதன் மேல் மூடி, மூடிக்கு ஒரு கொக்கி. விளிம்பே இல்லாத, நீர் மட்டம் கண்ணாடியோடு சரியாக நிற்கும் அழகான தொட்டிகள் இருக்கின்றனவே, பார்க்கக் கொள்ளை அழகுதான். இங்கே வேண்டாம்.

கண்ணாடியா, அக்ரிலிக்கா?

அக்ரிலிக்கின் அடர்த்தி கண்ணாடியில் பாதிக்கும் குறைவு, அடி தாங்கும், மூட்டுகள் ஒன்றோடொன்று கரைந்து ஒட்டியவை. நிலநடுக்கத்துக்கு அதுதான் மேல். கீறல் விழும், விலை கூடுதல், அடிப்பாகம் முழுவதும் பலகையில் படிந்திருக்க வேண்டும். உடையவே உடையாது என்று மட்டும் நினைக்காதீர்கள். பெர்லினில் 10 லட்சம் லிட்டர் நீர் கொண்ட அக்குவாடோம் என்ற அக்ரிலிக் உருளை 2022 டிசம்பரில் வெடித்துச் சிதறியது. அங்கே நிலம் ஆடவே இல்லை.

உள்ளே அடுக்கிய கற்கள்?

மணலைப் போட்டு அதன் மேல் கல் அடுக்குவது வழக்கம். மாற்றிச் செய்யுங்கள். முதலில் அடியில் மெல்லிய ஃபோம் அல்லது பிளாஸ்டிக் வலை, அதன் மேல் பெரிய கற்கள், அப்புறம் சுற்றிலும் மணல். மணல் மேல் நிற்கும் கல் ஆட்டத்தில் புதைந்து சரியும். சிக்லிட் மீன்கள் தோண்டியும் சரிக்கும், அதற்கு நிலநடுக்கமே தேவையில்லை. அடுக்கு உயரமாக வேண்டுமானால் கற்களை எபாக்ஸி வைத்து ஒட்டிவிடுங்கள். சரிந்தாலும் முன் கண்ணாடியைத் தொடாத தூரத்தில் இருக்கட்டும்.

மின்சாரத்துக்கு என்ன ஏற்பாடு?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே பகுதியை நிலநடுக்கம் தாக்கியது. அப்போது பிடித்த தீக்களில் காரணம் தெரியவந்தவை 139. அவற்றில் 85 மின்சாரம் சார்ந்தவை. கரண்ட் போய், சில மணி நேரமோ சில நாளோ கழித்துத் திரும்பி வந்தபோது, கவிழ்ந்து கிடந்த சாதனங்கள் ஆளில்லாத வீட்டில் மறுபடி சூடாகின. அப்படித் தீ வைத்த சாதனங்களில் மீன் தொட்டி ஹீட்டரும் ஒன்று. நீர் கொட்டிப்போன தொட்டியில், அல்லது தரையில் விழுந்து கிடக்கும் துணிமேல், ஹீட்டர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். நீர் இல்லை என்று அதற்குத் தெரியாது.

அதனால் நீர் வற்றினால் தானாக அணையும் ஹீட்டரை வாங்குங்கள். அதை ரப்பர் உறிஞ்சியை நம்பி ஒட்டாமல், உறையோடு தொட்டியின் அடிப்பகுதிக்கு அருகே படுக்கைவாட்டில் பொருத்துங்கள். நிலநடுக்கத்துக்குப் பிறகு வீட்டைவிட்டுக் கிளம்புவதானால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஆட்டத்தை உணர்ந்து தானே துண்டித்துவிடும் பிரேக்கர்களும் உண்டு.

தொட்டிக்கான இணைப்புக்குத் தனியாக 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள். பிளக் பாக்ஸை ஸ்டாண்டுக்குள் தரையில் வைக்காதீர்கள். நான் வைத்திருந்தேன். ஒரு நள்ளிரவுச் சிறு ஆட்டத்தில் கொட்டியது இரண்டு வாளி நீர்தான், தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வழிந்த நீர் நேராகப் போய்ச் சேர்ந்த இடம் அந்தப் பிளக் பாக்ஸ். இப்போது அது பக்கச் சுவரில், தொட்டியிலிருந்து விலகி, தோளுயரத்தில் மூடியோடு இருக்கிறது. ஒயர்கள் எல்லாம் பிளக்குக்கு வருமுன் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். ஒயர் வழியே இறங்கும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்கு ஏறாது.

சம்ப் வைத்த தொட்டி?

சம்ப் என்பது தொட்டிக்குக் கீழே வைக்கும் இரண்டாவது தொட்டி. மேல்தொட்டி நீர் ஓவர்ஃப்ளோ பெட்டி வழியே அதற்குள் இறங்கி வடிகட்டப்படும், மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றும். அலை ஒவ்வொரு முறையும் அந்த ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் வாளி வாளியாக நீரைத் தள்ளும். அதே சமயம் கரண்டும் போயிருந்தால் திரும்பும் குழாய் வழியே மேல்தொட்டி நீர் கீழே இறங்கும். இரண்டும் சேர்ந்து சம்பை வழிய வைக்கும். சாதாரணமாக மோட்டாரை நிறுத்தினால் சம்பில் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து, அதற்கு மேலும் நான்கைந்து அங்குலம் காலியாக இருக்கும்படி வையுங்கள். திரும்பும் குழாயில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு சிறு துளை போட்டால் காற்று புகுந்து ஓட்டம் நின்றுவிடும். பாசி அடைக்கும், மாதம் ஒருமுறை குத்திவிடுங்கள்.

எந்த அறை, எந்த மாடி?

தரைத்தளம். அது முடியாதென்றால் மாடியில் பீம் ஓடும் இடத்தில், சுமைதாங்கும் சுவரை ஒட்டி, பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட்டு. கட்டிலின் பக்கத்தில் வேண்டாம். வாசலுக்குப் போகும் வழியில் கூடவே கூடாது, தொட்டி விழுந்து கதவை அடைத்தால் வெளியேற வழியில்லை.

வாடகை வீடு, சுவரில் துளை போடக் கூடாது என்கிறார்கள்.

அப்படியானால் அளவைக் குறையுங்கள். நான்கடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம், தாழ்வான ஸ்டாண்ட். துளை போடாமல் ஆறடித் தொட்டியைப் பாதுகாப்பாக நிறுத்தும் வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆடும்போது தொட்டியைப் பிடித்துக்கொள்ளலாமா?

கூடாது. 300 கிலோ விசையை உங்கள் கை நிறுத்தாது. தொட்டியைவிட்டு விலகி, மேசைக்கடியில் புகுந்து தலையை மறைத்துக்கொள்ளுங்கள். மீன் பிறகு.

ஆட்டம் நின்றதும் முதலில் என்ன செய்வது?

தரை நனைந்திருந்தால் கால் வைக்குமுன் மெயினை அணையுங்கள். மெயினுக்குப் போகும் வழியே நனைந்திருந்தால் போகாதீர்கள். செருப்பு போடுங்கள், கண்ணாடித் துண்டு கிடக்கலாம்.

அப்புறம் டார்ச் அடித்து மூட்டுகளைப் பாருங்கள். சிலிக்கானில் வெள்ளைக் கோடோ குமிழோ புதிதாகத் தெரிந்தால் அது விடத் தொடங்கிவிட்டது. சந்தேகம் என்றால் நீரைப் பாதியாக இறக்குங்கள். கண்ணாடியை வெளியே தள்ளும் மொத்த விசை நீர் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், பாதி உயரத்தில் அது கால் பங்காகிவிடும். பின்னதிர்வுகள் வந்துகொண்டிருக்கும் நாட்களில் இது பெரிய நிம்மதி. மூட்டுகளை நன்றாகத் துடைத்து, அடியோரமாக டிஷ்யூ தாளை வரிசையாக வைத்து ஒரு நாள் கவனியுங்கள். எந்தத் தாள் நனைகிறதோ அங்கே கசிவு. கடைசியாக ரசமட்டம் வைத்துப் பாருங்கள், ஸ்டாண்ட் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். இறக்கிய நீரைக் கொட்டிவிடாதீர்கள். குழாயில் நீர் வராத நாட்களில் கழிவறைக்கு ஊற்ற உதவும்.

கரண்ட் இரண்டு நாள் வரவில்லை என்றால் மீன்கள்?

ஜப்பானின் இவாகி நகரில் உள்ள அக்குவாமரைன் ஃபுகுஷிமா மீன் காட்சியகத்தில் 2011 மார்ச் 11-க்குப் பிறகு சுமார் இரண்டு லட்சம் உயிரினங்கள் இறந்தன. கண்ணாடி உடைந்து அல்ல. சுனாமி மின்சாரத்தைக் கொண்டுபோனது, ஜெனரேட்டருக்கு எரிபொருள் தீர்ந்தது, காற்றும் வடிகட்டலும் நின்றன. அதே ஆண்டு ஜூலையில் மறுபடி திறந்தார்கள்.

வீட்டிலும் அதே வரிசைதான்: முதலில் ஆக்சிஜன். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் ஏர் ஸ்டோனும் டார்ச்சோடு சேர்த்து வையுங்கள். பவர் பேங்கில் ஓடும் யூஎஸ்பி ஏர் பம்பும் நல்லது. 10,000 மில்லிஆம்பியர்மணி பவர் பேங்க் ஒன்றரை வாட் பம்பை ஏறக்குறைய 20 மணி நேரம் ஓட்டும். சில பவர் பேங்குகள் இவ்வளவு குறைந்த இழுப்பைக் கண்டால் தாமே அணைந்துவிடும், முன்பே ஒரு ராத்திரி ஓட்டிப் பாருங்கள். எதுவும் இல்லையா, ஒரு குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள், அரைமணிக்கு ஒருமுறை.

தீனி போடாதீர்கள். நல்ல நிலையில் உள்ள பெரிய மீன்கள் ஒரு வாரம் பட்டினி தாங்கும், அழுகும் தீனி கக்கும் அம்மோனியாவைத் தாங்காது. குளிர் என்றால் தொட்டியைக் கம்பளியால் சுற்றுங்கள். அத்தனை நீர் ஆற நேரமெடுக்கும். கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே இருக்கும் மூடிய வடிகட்டி) பல மணி நேரம் நின்றிருந்தால் உள்ளே பாக்டீரியா ஆக்சிஜன் இன்றிச் செத்து நாறும். கரண்ட் வந்ததும் அப்படியே போட்டால் அந்த நாற்றநீர் தொட்டிக்குள் போகும். திறந்து, கொட்டி, பஞ்சைத் தொட்டி நீரில் அலசிவிட்டுப் போடுங்கள்.

குழாய் நீர் திரும்பினாலும் அவசரம் வேண்டாம். உடைந்த குழாய்கள் வழியே மண் வரும், குளோரினையும் வழக்கத்தைவிடக் கூட்டிப் போடுவார்கள். குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் கையில் இருக்கட்டும், சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

மீன்களுக்கு நிலநடுக்கம் முன்கூட்டியே தெரியுமாமே?

பூமிக்கடியில் இருக்கும் ராட்சதக் கெளுத்தி வாலை ஆட்டுவதால்தான் நிலம் ஆடுகிறது என்பது ஜப்பானியர்களின் பழைய கதை. மீன்களுக்கு உடலோரம் ஓடும் உணர்வுக்கோடு மிக நுண்ணிய அசைவையும் அறியும், அது உண்மை. அதை வைத்து நம்பும்படி முன்னறிவிப்பு செய்ய இதுவரை யாராலும் முடியவில்லை. என் மீன்கள் நான் மூடியைத் திறந்தாலே மூலைக்கு மூலை பாய்கின்றன. அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டால் தினமும் இரண்டு வேளை நான் வீட்டைவிட்டு ஓட வேண்டியிருக்கும்.